மாரத்தான் பயிற்சி நடுவே பாதவலி: நார் வலியா, எலும்பு வலியா?

முதல் பதிவு

"பாதம் வலிக்கிறது, ஓடலாமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வலி நாரிலா (உள்ளங்காலைத் தாங்கும் கெட்டியான திசு), எலும்பிலா என்று முதலில் தெரிய வேண்டும். ஒன்றுக்கு மருந்தாகும் பயிற்சி மற்றதைக் கெடுத்துவிடும்.

விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். நாணயம் அளவு இடத்தில், அதுவும் எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் மயிரிழை விரிசல், இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளில்தான் அதிகம் வரும். பாதத்தின் மேல்புறம் லேசாக வீங்கும். ஓட ஓட வலி கூடும். முற்றினால் படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று தெறிக்கும். நார் வலி அப்படியில்லை. முதல் சில நிமிடம் படுத்தும், உடம்பு சூடேறியதும் அடங்கும், ஓடி முடித்து உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பிவிடாதீர்கள். விரிசலைச் சுற்றிப் புது எலும்பு வளரத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் அது படத்தில் தெரியும். முதல் இரண்டு மூன்று வாரம் "நார்மல்" என்றே வரலாம். எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிவிடும்.

இரண்டு இடங்களில் வலித்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். ஒன்று, கணுக்காலுக்கு முன்னே பாதத்தின் மேட்டில் இருக்கும் நாவிகுலர் எலும்பு. மற்றொன்று, சுண்டுவிரல் பக்க ஓரத்தில், பாதி வழியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் அடிப்பகுதி. இரண்டிலும் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் சரியாகக் கூடாமல் போகலாம். நாவிகுலர் விரிசலுக்குக் காலை ஊன்றாமல் ஆறு வாரம் கட்டு போடுவது வழக்கம். மற்ற நீள எலும்புகள் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும்.

பதில்

குதிகால் வலி பற்றி. காலையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலின் உள்பக்கம் குத்தினால் அநேகமாக அது பிளாண்டர் ஃபேசியைடிஸ், அதாவது உள்ளங்கால் நார் வலிதான். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது: வலிக்கும் காலை மற்றக் காலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் முறுக்கேற்றிய தந்திபோல் ஒரு நார் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் இழுப்பு போதவில்லை. பத்து விநாடி வீதம் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை.

நீட்டுவது மட்டும் போதாது, நாருக்குப் பளுவும் வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கால்விரல்கள் மேல்நோக்கி வளையும்படி ஒற்றைக் காலில் நில்லுங்கள். குதிகால் வெளியே தொங்கட்டும். மூன்று விநாடி ஏறி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி இறங்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் முடியாது என்கிற பளுவில் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து முதுகுப் பையில் புத்தகம் ஏற்றிப் பத்து வீதம் நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரத்தில் எட்டு வீதம் ஐந்து. அந்தத் துண்டு இல்லாமல் செய்தால் அது வெறும் கெண்டைக்கால் பயிற்சிதான். விரல் வளைந்தால்தான் நார் இறுகும். வேகவேகமாக ஏறி இறங்குவதும், பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுவதும்தான் பலரும் செய்கிற தப்பு. மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். ஆனால் நார் அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்பு உண்டு. பந்தயத் தேதியை மனதில் வைத்து அதைப் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்

மேல்பாத வலி எல்லாமே விரிசல் அல்ல. வலி ஒரு கோடாகப் பரவி, விரல்களை மேலே தூக்கும்போது கூடினால் லேஸ் இறுக்கமாகவும் இருக்கலாம். வலிக்கும் இடத்துக்கு நேரே உள்ள துளைகளில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அதற்கு மேல் பழையபடி குறுக்கே போடுங்கள்.

முன்பாதத்தில் எரிச்சல் இருப்பவர்கள் வாங்கும் மெட்டாடார்சல் பேட் (ஷூவுக்குள் ஒட்டும் சின்ன மெத்தை), பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் ஒட்டப்படுகிறது. வலிக்கும் மேட்டில் மை தடவி இன்சோல்மேல் மிதித்தால் தடம் விழும். பேட் அந்தத் தடத்துக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். தடத்தின் மேலேயே ஒட்டினால் அழுத்தம் இன்னும் கூடும்.

பதில்

ஓடாத நாட்களுக்கு நீருக்குள் ஓடுவது மாதிரி வேறில்லை. இடுப்பில் மிதவைப் பெல்ட் கட்டி, தரை எட்டாத ஆழத்தில் ஓடும் அசைவு. அறுபது நிமிட ஓட்டத்துக்கு அறுபது நிமிடம் நீரில். இதயத்துடிப்பு தரையில் ஓடுவதைவிடச் சுமார் பத்து குறைவாகக் காட்டும், அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைக் கவனியுங்கள். உடம்பு முன்னால் சாய்ந்தால் அது நீச்சலாகிவிடும். விரிசல் உள்ளவர்கள் சுவரை உதைத்துத் திரும்பக் கூடாது.

திரும்ப ஓடுவதற்கு முன் முப்பது நிமிடம் விரைவாக நடந்து பாருங்கள். அப்போதும், அன்று இரவும், மறுநாள் காலையும் வலி இருக்கக் கூடாது. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஆறு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓட்டத்தை ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டி, தொடர்ந்து முப்பது நிமிடம் ஓட முடிந்த பிறகு தூரத்தைக் கூட்டலாம், வேகம் கடைசியில். நார் வலி பத்துக்கு மூன்று வரை இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. எலும்பு என்றால் பூஜ்யம்தான்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குப் போகாதீர்கள். வலி மறைந்துவிடும், உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. பதினாறு வாரத் திட்டத்தில் இரண்டு வாரம் போனால் சமாளிக்கலாம். ஆறு வாரம் போயிருந்தால் 42.195 கிலோமீட்டரை விட்டுவிட்டு அரை மாரத்தானுக்கு மாறுங்கள், அல்லது அடுத்த பந்தயத்தைப் பாருங்கள்.

பதில்

ஒன்று விட்டுப்போயிற்று. விரிசல் இரண்டாம் முறை வந்தால் ஷூவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாதவர்களுக்கு எலும்பு பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ அதன் முக்கியமான அறிகுறி. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.