கன்சல்டிங்கை விட்டு கம்பெனி வேலைக்குப் போகலாமா?

கேள்வி:
மேனேஜ்மென்ட் கன்சல்டிங்கில் (மற்ற நிறுவனங்களுக்கு நிர்வாக ஆலோசனை சொல்லும் வேலை) 4 வருடம் ஆகிறது. அடுத்த ஆண்டு மேனேஜர் பதவி உயர்வு வரக்கூடும். இதற்கிடையே ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி அணியில், அதாவது நிறுவனம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று திட்டமிடும் அணியில், ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் 15 சதவீதம் குறைவு. வாரம் 60 மணி நேர வேலை 45 ஆகும் என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
முதலில் மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 48 வாரம் என்றால் இப்போது 2,880 மணி நேரம், அங்கே 2,160. இன்றைய சம்பளத்தை 100 என்று வைத்தால் அங்கே 85. ஒரு மணி நேரத்துக்கு 13 சதவீதம் கூடவே வருகிறது. ஆனால் அந்த 45-ஐச் சொன்னது யார்? எச்ஆர் சொன்னதை நம்பாமல், அதே அணியில் இருப்பவரிடம் பட்ஜெட் மாதங்களில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று கேளுங்கள். போனஸில் ஆஃபர் லெட்டரில் இருக்கும் சதவீதத்தைவிட, கடந்த 3 வருடம் கையில் கொடுத்தது எவ்வளவு என்பதுதான் முக்கியம். பங்குகள் தந்தால் பெரும்பாலும் 4 வருடத்தில் பிரித்துத் தருவார்கள். முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது.

பதில் 2:
சம்பளத்தைவிட அந்த நாற்காலியைத்தான் நான் பார்ப்பேன். கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி அணி பல இடங்களில் உள்ளுக்குள்ளேயே நடக்கும் கன்சல்டிங்தான். அதே ஸ்லைடுகள், கிளையன்ட் மட்டும் ஒருவரே, அதுவும் மாறவே மாட்டார். 3 வருடம் கழித்து வெளியே வேலை தேடும்போது "எந்த லாப நஷ்டத்துக்குப் பொறுப்பாக இருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். அப்போது சொல்லப் பதில் இருக்காது.

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: இந்த இடம் ஏன் காலியானது? முன்பு இருந்தவர் இப்போது எங்கே? அணியிலிருந்து கடைசியாக வெளியேறிய 5 பேரில் எத்தனை பேர் தொழிற்சாலை, விற்பனை, கொள்முதல் பக்கம் பொறுப்புக்குப் போனார்கள்? ஒருவரும் போகவில்லை என்றால் அந்த அணிக்கு வாசல் இல்லை என்று அர்த்தம். யாரையும் கேட்காமல் நீங்களே கையெழுத்திடக்கூடிய செலவு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

சேரும் மாதமும் முக்கியம். அடுத்த ஆண்டு பட்ஜெட் முடிவான பிறகு போய்ச் சேர்ந்தால், உங்கள் யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு வருடம் பணம் இருக்காது.

பதில் 3:
பதவி உயர்வுக்குக் காத்திருப்பது பற்றி: 6 மாதத்துக்குள் வரும் என்று உங்கள் கன்சல்டிங் நிறுவனத்தின் பார்ட்னரே (பங்குதாரராக இருக்கும் மேலதிகாரி) நேராகச் சொன்னால் காத்திருங்கள். மேனேஜராக வெளியே வந்தால் பெரும்பாலும் ஒரு படி மேலே சேர்த்துக்கொள்வார்கள். "வரக்கூடும்" என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ராஜினாமாவுக்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மேற்படிப்புக்கு நிறுவனம் பணம் கட்டியிருந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகும்போது திருப்பிக் கேட்கலாம். போனஸ் வரவாகும் நாளில் வேலையில் இருக்க வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. அவசரத்தில் ஒரு வாரம் முன்னால் கடிதம் கொடுத்துவிட்டு இழப்பவர்கள் நிறைய. அந்த உற்பத்தி நிறுவனம் இப்போதைய கிளையன்ட் என்றால், கிளையன்டிடம் வேலைக்குச் சேரக்கூடாது என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஆஃபரை ஏற்கும் முன்பே பாருங்கள்.

கேட்டவர்:
விசாரித்தேன். வெளியேறிய 5 பேரில் 4 பேர் வேறு நிறுவனங்களுக்குப் போயிருக்கிறார்கள். 2 வருடத்தில் தொழிற்பிரிவுக்கு மாற்றுவதாக வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள்.

பதில் 2:
அப்படியானால் அந்தத் தொழிற்பிரிவின் தலைவரையே ஒரு முறை சந்திக்க வையுங்கள் என்று கேளுங்கள். உங்களை எடுத்துக்கொள்ளப்போவது அவர்தான். சந்திப்பை அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் இந்த ஆஃபரை விட்டுவிட்டு, சிறிய நிறுவனமானாலும் நேரடியாக ஒரு பிரிவை நடத்தும் வேலையைத் தேடுங்கள்.