இன்டர்செப்டர் நகல்: ப்ளோயர் பெல்ட்டைச் சுற்றுவது எஞ்சினா, மோட்டாரா?

கருப்பு ஃபால்கன்:
பிஸ்டன் பித்தன் நேற்று இந்தத் தளத்தின் எஞ்சின் பகுதியில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயரை மின்மோட்டார் வைத்துச் சுற்றவிட்டால் அது நகல் கார் இல்லை, பொம்மை, கைத்தொழில் தெரிந்தவன் அப்படிச் செய்ய மாட்டான்.

வீட்டு ஷெட்டில் ‘மேட் மேக்ஸ்’ படத்து நாயகன் மேக்ஸ் ஓட்டும் இன்டர்செப்டர் காரைக் கட்டிக்கொண்டிருப்பவன் நான். அந்த அடி யாருக்கு விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பதிலை இங்கேயே வைக்கிறேன்.

1979-ல் வந்த படத்தில் ஓடியது ஃபோர்ட் ஃபால்கன் எக்ஸ்பி ஜிடி கூபே, 1973 மாடல். எஞ்சின் 351 கன அங்குல கிளீவ்லாண்ட் வி8, நம் கணக்கில் 5.8 லிட்டர். பானட்டுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் வீயான்ட் 6-71 ப்ளோயர் அந்த எஞ்சினுக்குள் ஒரு துளிக் காற்றைக்கூடத் தள்ளவில்லை. பெல்ட்டைச் சுற்றியது மின்மோட்டார். இது ரகசியமும் இல்லை, புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அசல் காரே மோட்டாரில் சுற்றியது என்றால், மோட்டாரில் சுற்றும் என் கார்தான் சரியான நகல். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கில் பெல்ட்டை மாட்டுகிறவர்தான் அசலை விட்டு விலகுகிறார். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், போதும்.

பிஸ்டன் பித்தன்:
பெயரைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டீர்கள், வராமல் இருப்பது மரியாதை இல்லை. படப்பிடிப்பில் என்ன மாட்டினார்கள் என்பது எனக்கும் தெரியும். ரசிகன் படப்பிடிப்பையா பார்த்தான்? திரையைப் பார்த்தான். கியர் லிவரில் இருக்கும் சிவப்பு சுவிட்சை மேக்ஸ் இழுக்கிறான், பெல்ட் சுற்றுகிறது, கார் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் இன்டர்செப்டர். உங்கள் காரில் சுவிட்சைப் போட்டால் என்ன பாய்கிறது? பேட்டரி வோல்டேஜ் இறங்குகிறது, அவ்வளவுதான்.

கருப்பு ஃபால்கன்:
திரையில் பார்த்ததை அப்படியே செய்யச் சொல்கிறீர்கள். சரி, செய்து பார்ப்போம். திரையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அசையாமல் நிற்கிறது. 6-71 என்பது ரூட்ஸ் வகை. டெட்ராய்ட் டீசலின் ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக வந்தது. பெயரே அங்கிருந்து வந்ததுதான். அந்த ரகத்தில் எஞ்சினுக்குப் போகிற காற்று முழுவதும் இரண்டு ரோட்டர்களுக்கு நடுவே போயாக வேண்டும். ரோட்டர் நின்றால் வழி அடைபடும். காற்று இல்லாமல் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆகவே திரையில் காட்டியதை உண்மையான ப்ளோயர் வைத்துச் செய்யவே முடியாது. மோட்டார் வைத்தால் மட்டும்தான் சுவிட்சைத் தட்டியதும் சுற்றும், மறுபடி தட்டினால் நிற்கும். திரைக்கும் என் காருக்கும்தான் பொருத்தம், உங்கள் பேச்சுக்கு இல்லை.

பழைய ஸ்பேனர்:
செய்யவே முடியாது என்று அடித்துச் சொல்லாதீர்கள் தம்பி. 1920-களின் மெர்சிடிஸ் எஸ்எஸ்கே காரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால் கிளட்ச் பிடித்து ப்ளோயர் சுற்றும், காலை எடுத்தால் நின்றுவிடும். அதுவும் ரூட்ஸ்தான். 1986-ல் டொயோட்டா எம்ஆர்2-வில் வந்த 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினில் மின்காந்தக் கிளட்சே இருந்தது, ஏசி கம்ப்ரசருக்கு இருப்பதைப் போல.

பிஸ்டன் பித்தன்:
அப்படிப் போடுங்கள் அண்ணே! முடியாது என்றாரே, எங்கே போனார்?

கருப்பு ஃபால்கன்:
இங்கேதான் இருக்கிறேன். ஸ்பேனர் அண்ணன் பாதிதான் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். எம்ஆர்2-வில் கிளட்ச் விடுபட்டிருக்கும்போது காற்று போக பைபாஸ் வால்வு இருந்தது. எஸ்எஸ்கே-யில் ப்ளோயர் கார்பரேட்டருக்கு முன்னால் நின்று காற்றை ஊதித் தள்ளியது; அது சும்மா இருக்கும்போது கார்பரேட்டர் வேறு வழியில் மூச்சு விட்டுக்கொண்டது. இன்டர்செப்டரில் ப்ளோயர் உட்கார்ந்திருப்பது எஞ்சின் தலைமேலே, நடுவில். பைபாஸை எங்கே ஒளித்து வைப்பீர்கள்? வைத்தாலும் அது தெரியும். தெரிந்தால் அது நகல் இல்லை.

கிளட்ச் வைக்கலாமா என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் காரில் பெல்ட்டைச் சுற்றியது எது என்றுதான் கேட்டேன். மோட்டார். இதை ஒருவராவது மறுக்கிறீர்களா?

தகரத் தம்பி:
பெல்ட் பெல்ட் என்று அடித்துக்கொள்கிறீர்களே, காரின் முன்பக்கத்தில் மாட்டும் அந்தக் கான்கார்ட் ஃபைபர் மூக்கைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? காரைத் தூரத்திலிருந்து பார்த்ததும் அடையாளம் தெரிவது மூக்கினால்தான். போன மாதம் கருப்பு ஃபால்கன் போட்ட படத்தில் இடது ஹெட்லைட் ஓரம் முழுக்க முதலைத் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அச்சில் முதலில் பூசும் ஜெல்கோட் ஒட்டும் பதத்துக்கு வருவதற்குள் மேலே ரெசினை ஊற்றினால் அப்படித்தான் ஆகும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக்கூடாது. அதுவரை பொறுமை வேண்டும்.

கருப்பு ஃபால்கன்:
அது அச்சு சரிபார்க்க எடுத்த சோதனைத் துண்டு. படத்துக்குக் கீழே எழுதியிருந்தேன், படிக்கவில்லை என்றால் நான் பொறுப்பில்லை. காரில் மாட்டியிருக்கும் மூக்கை நேரில் பார்த்தவர்கள் கையால் தடவிவிட்டுத்தான் போகிறார்கள்.

பெல்ட் விஷயத்துக்கு வாருங்கள்.

பிஸ்டன் பித்தன்:
வருகிறேன். உங்கள் காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ன நடக்கும்? எஞ்சின் உறுமும், பெல்ட் மட்டும் அதே வேகத்தில் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓசை ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பக்கத்தில் நிற்கும் சின்னப் பையனுக்கே குட்டு வெளிப்பட்டுவிடும். கிராங்க்கில் மாட்டியவனுக்கு இந்தக் கவலை இல்லை. எஞ்சினும் பெல்ட்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அந்த ரூட்ஸ் ஊளையை எந்த மோட்டாரால் போட முடியும்?

கருப்பு ஃபால்கன்:
இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சின்ன நெம்புகோல் வைத்து, அதில் பொட்டென்ஷியோமீட்டரை, அதாவது திருப்பினால் மின்தடை மாறும் கருவியைப் பிணைத்திருக்கிறேன். அங்கிருந்து மோட்டார் கன்ட்ரோலருக்கு ஒயர். காலை அழுத்த அழுத்தப் பெல்ட்டும் வேகம் பிடிக்கும், காலை எடுத்தால் தணியும். மோட்டார் 12 வோல்ட், 250 வாட். அதற்கே 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த ஒயர். முதலில் பெல்ட் ஓரம் தேய்ந்து பானட்டெல்லாம் கருப்பு ரப்பர்த் தூளாக விழுந்தது. மேல் புல்லி கீழ்ப் புல்லியை விட ஒரு மயிரிழை முன்னால் நின்றது. ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டை வைத்து நேராக்கியதும் தூள் நின்றது, கீச்சென்ற சத்தமும் போனது. இதைப் பொம்மை வேலை என்கிறீர்கள். நீங்கள் என்றாவது ஒரு பல் பெல்ட்டை நேர்க்கோட்டில் நிறுத்திப் பார்த்ததுண்டா?

பிஸ்டன் பித்தன்:
நான் எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவன். பொட்டென்ஷியோமீட்டர் வைத்துக் கண்கட்டு வித்தை காட்டுகிறவன் இல்லை. உண்மையான ப்ளோயர் போட வேண்டுமென்றால் கம்ப்ரஷன் விகிதத்தை 8-க்கு ஒன்று பக்கம் இறக்க வேண்டும், ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேண்டும், இக்னிஷன் டைமிங்கைப் பின்வாங்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும், ஹெட் கேஸ்கெட் போகும். இத்தனையும் தெரிந்து செய்பவன் மெக்கானிக். இதைச் செய்யப் பயந்துகொண்டு அசலே அப்படித்தான் என்று சாக்குச் சொல்வது வேறு.

கருப்பு ஃபால்கன்:
பயமா? அந்தப் பட்டியலை உங்களுக்கு முன்பே நான் எழுதி, இங்கேதான் வைத்திருக்கிறேன். தேடிப் பாருங்கள். செய்யத் தெரியாமல் விடவில்லை, அசலில் இல்லாததால் விட்டேன். அசல் எஞ்சினில் ப்ளோயருக்கான பிஸ்டன் இருந்ததா? இல்லை. ஏன்? ப்ளோயர் ஊதவில்லை. பெல்ட்டைச் சுற்றியது மோட்டார். இன்னும் எத்தனை முறை சொல்ல?

வி8 வாசுகி:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ப்ளோயர் பொய்யோ நிஜமோ, பானட்டுக்கு வெளியே திறந்த பெல்ட் சுற்றுகிறது. சட்டைக் கை மாட்டினால் விரல் போய்விடும். ஓட்டுநருக்கு முன்பார்வையும் மறைகிறது. கருப்பு ஃபால்கன் போட்ட படங்களில் பெல்ட்டுக்குக் காப்புத் தகடே இல்லை.

கருப்பு ஃபால்கன்:
வாசுகி அக்கா, அசலிலும் காப்புத் தகடு இல்லை.

வி8 வாசுகி:
அசல் காரை ஓட்டியது படப்பிடிப்புக் குழு. சுற்றிலும் ஆள் நின்றார்கள். உங்கள் ஷெட்டில் குழந்தைகள் வந்துபோகிறார்கள், படத்திலேயே தெரிகிறது. விரலுக்கு அசல், நகல் என்று வித்தியாசம் தெரியாது.

கருப்பு ஃபால்கன்:
குழந்தைகள் இருக்கும்போது சாவியை நான் இறக்குவதே இல்லை. மோட்டார் சுவிட்சுக்குத் தனியாகப் பூட்டும் இருக்கிறது. இங்கே பேச்சு பாதுகாப்பைப் பற்றி இல்லை, பெல்ட்டைச் சுற்றுவது எது என்பதைப் பற்றி.

பழைய ஸ்பேனர்:
பாதுகாப்பைப் பற்றி இல்லையாம்! போன வருஷம் பிரேக் ஆயில் பேச்சிலும் இதே பாணிதான். டாட் 5-ஐ டாட் 3-ஓடு கலந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒருவர் சாதித்தார். டாட் 5 சிலிகான், டாட் 3-ம் 4-ம் கிளைக்கால், இரண்டும் கலக்காது என்று நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 350 கிலோமீட்டர் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் பதிலாக வந்தது.

கருப்பு ஃபால்கன்:
அது நான் இல்லை.

பழைய ஸ்பேனர்:
நீங்கள் என்று யார் சொன்னார்கள்? பிஸ்டன் பித்தனைச் சொன்னேன்.

பிஸ்டன் பித்தன்:
அண்ணே, அன்று நான் சொன்னது டாட் 5.1. அது கிளைக்கால்தான், 3-ஓடு கலக்கலாம். புள்ளி ஒன்றை விழுங்கிவிட்டுப் பேசுவது யார்?

பழைய ஸ்பேனர்:
அன்று புள்ளி ஒன்று எழுதியிருந்தால் இன்று நான் ஏன் பேசப்போகிறேன்?

தகரத் தம்பி:
போச்சு, பிரேக் ஆயில் ஆரம்பித்துவிட்டது. நான் மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. பின்பக்க மட்கார்டில் துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்தீர்களா, இல்லை அப்படியே பட்டி பூசினீர்களா? துருவின் மேல் பட்டி பூசினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பெயின்டோடு சேர்ந்து கொப்புளமாக வெடிக்கும்.

கருப்பு ஃபால்கன்:
வெட்டி எடுத்துத் தகடு வைத்து, இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வெல்டிங் செய்தேன். ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் தகடு நெளிந்திருக்கும். என் மட்கார்டில் கை வைத்துப் பார்த்தால் மூட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. போதுமா?

வி8 வாசுகி:
இன்னொன்று. முடித்ததும் விற்பதாக முதலில் சொன்னீர்களே. பேட்மேனின் 1966 பேட்மொபைல் கார் நகல்களைக் கட்டி விற்ற மார்க் டவுல் மேல் டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டது. அந்தக் கார் பதிப்புரிமை உள்ள ஒரு கதாபாத்திரம் என்று 2015-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்களுக்கும் அது வரலாம்.

பிஸ்டன் பித்தன்:
அதே நீதிமன்றம் 2025-ல் ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படங்களின் எலினார் மஸ்டாங் கார் கதாபாத்திரம் இல்லை என்றும் சொன்னது. பாதியை மட்டும் எடுத்து நீட்டாதீர்கள்.

வி8 வாசுகி:
எலினார் படத்துக்குப் படம் வேறு காராக மாறியது, தனி அடையாளம் நிற்கவில்லை. அதனால்தான் தோற்றது. தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கருப்பு ஃபால்கன்:
விற்பது என் விஷயம். யாரும் வழக்கறிஞர் கட்டணம் கட்ட வேண்டாம். 1981-ல் வந்த இரண்டாம் படத்துக்காகக் காரின் பின்பக்கத்தில் பெரிய பெட்ரோல் டாங்கிகள் ஏறின, கார் அடையாளமே மாறியது. நான் கட்டுவது முதல் படத்துக் கார். அதில் பெல்ட்டைச் சுற்றியது மோட்டார். பிஸ்டன் பித்தன் இன்னும் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

பிஸ்டன் பித்தன்:
நேராகவே சொல்லிவிட்டேன். காற்றைத் தள்ளாததற்குப் பெயர் ப்ளோயர் இல்லை. படக்குழுவுக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை, அதனால் ஏமாற்றினார்கள். உங்களுக்கு என்ன அவசரம்?

கருப்பு ஃபால்கன்:
அவர்கள் ஏமாற்றியதைத்தான் உலகம் பார்த்து மயங்கியது, நானும்தான். அதை அங்குலம் பிசகாமல் கட்டுகிறேன். நாளை புல்லி, ஷிம், மோட்டார் தாங்கி எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துப் போடுகிறேன். நீங்கள் கட்டிய கிராங்க் ப்ளோயர் ஒன்றின் படத்தையும் போடுங்கள். இதுவரை ஒன்றுகூடப் போட்டதில்லை.

பிஸ்டன் பித்தன்:
வாடிக்கையாளர் வண்டியைப் படமெடுத்துப் போடுகிற பழக்கம் எனக்கில்லை.

தகரத் தம்பி:
அந்தப் படங்களோடு இடது ஹெட்லைட் ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். வெயிலில், பக்கவாட்டாக.