தனுஷ்கோடியில் எடுக்கும் பறவைப் படங்கள் கூர்மை இழப்பது ஏன்? லென்ஸில் கோளாறா?

கேள்வி (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையோரம், புரட்டாசி முதல் வலசைப் பறவைகளை 150-600 மி.மீ. ஜூம் லென்ஸில் படம் எடுத்து வருகிறேன். வீட்டு மாடியிலிருந்து பனையோலையை எடுத்தால் நரம்பு நரம்பாகத் தெரிகிறது. ஆனால் கடற்கரையில் எடுத்த பட்டைவால் மூக்கனின் கண்ணும் அலகும் கரைந்தாற்போல் வருகின்றன. ஷட்டர் வேகத்தை 1/2000-க்குக் கீழே இறக்குவதில்லை. பறவைகள் காரைக் கண்டு விலகுவதில்லை என்பதால் பெரும்பாலும் காருக்குள் இருந்தபடியே, ஏசி ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடியை இறக்கிவிட்டு எடுக்கிறேன். லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பினால் இந்தப் பருவத்தில் பாதி கழிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. எது காரணம் என்று எப்படிக் கண்டறிவது?

பதில் (இராமநாதபுரம்)

தம்பி, லென்ஸை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கானலின் வேலை. வெயில் ஏறியதும் உலர்ந்த மணல் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து எழும்போது அவற்றின் ஊடாக வரும் ஒளி கணத்துக்குக் கணம் வெவ்வேறு விதமாக வளைகிறது. தொலைவு கூடக் கூட இந்த வளைவும் கூடுகிறது; 600 மி.மீ. லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

கண்டறிய ஒரு சோதனை உண்டு. பாழடைந்த தேவாலயச் சுவர் போன்ற அசையாத ஒன்றை, நண்பகலில் ஒரே இடத்தில் நின்று, அடுத்தடுத்துப் பல படங்களாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் சுவரின் விளிம்பு வேறு வேறு விதமாக நெளிந்திருந்தால் அது காற்று. எல்லாப் படங்களும் ஒரே அளவில், ஒரே விதமாக மங்கியிருந்தால் லென்ஸையோ குவியத்தையோ சந்தேகிக்கலாம். கோடு இழுத்தாற்போல் ஒரே திசையில் கலங்கியிருந்தால் அசைவு. கானலால் கெட்ட படத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. கூர்மையைக் கூட்டினால் நெளிவுதான் கூர்மையாகத் தெரியும்.

பறவையின் கண்மட்டத்துக்குத் தரையில் படுத்து எடுக்கச் சொல்வார்கள். அது நல்ல அறிவுரைதான். ஆனால் கானல் மிகக் கடுமையாக இருப்பது தரையை ஒட்டிய அந்தக் காற்றில்தான். ஆகவே விடியலிலும், மழை பெய்து மணல் நனைந்து மேகம் மூடியிருக்கும் ஐப்பசி நாட்களிலும் படுத்து எடுங்கள்; வெயில் ஏறிவிட்டால் தரையிலுள்ள உள்ளான்களை விட்டுவிட்டு, தலைக்கு மேல் பறக்கும் ஆலாக்களையும் கடற்காகங்களையும் எடுங்கள்.

பதில் (மண்டபம்)

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். கேள்வியில் அது தெளிவாகவே இருக்கிறது. ஏசி ஓடும் காரின் ஜன்னலில் குளிர்ந்த காற்று வெளியேறுகிறது, வெக்கைக் காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் கலக்கும் இடம் லென்ஸின் வாய்க்கு நேர் முன்னால். இதனால் விடிகாலையில்கூடப் படம் கெடும். பறவைகள் இருக்கும் இடத்தை அடைவதற்கு வெகு முன்பே ஏசியை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, கேமராவின் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஒன்றாகும்வரை காத்திருங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் நீண்ட மூடாக்கினுள்ளும் (லென்ஸ் ஹூட்) இதே போல் காற்று தேங்கிக் கலங்கும் என்பதால், நிழலில் இருக்கும்போது அதைக் கழற்றியும் எடுத்துப் பாருங்கள். எஞ்சினையும் நிறுத்திவிட்டு, பயறு நிரப்பிய துணிப்பையைக் கதவின் மேல் வைத்து லென்ஸை அதன்மேல் இருத்தினால் அதிர்வும் இராது.

பதில் (பரமக்குடி)

தொலைவுதான் காரணம் என்றால் காரிலிருந்து இறங்கி, நடந்து, பறவைகளை நெருங்கிவிடலாமே?

பதில் (கீழக்கரை)

ஐயா, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சைபீரியா வரையிலான வடபகுதிகளிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் பறவைகள், பயணத்தில் கரைந்த கொழுப்பை இந்தச் சேற்றிலும் மணலிலும் இரை தேடித்தான் மீட்டாக வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் இரை தேடும் நேரமும் சேர்த்துவைத்த ஆற்றலும் வீணாகின்றன. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலை நிமிர்ந்து ஒரே பக்கமாக நகரத் தொடங்கினால் நாம் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள். மாறாக, அவை மேய்ந்து வரும் திசையைப் பார்த்து, முன்கூட்டியே ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் உப்புக்கொத்திகள் தாமாகவே அருகில் வருகின்றன. எனக்குக் கிடைத்த நல்ல படங்கள் எல்லாம் இப்படிக் கிடைத்தவையே.

தனுஷ்கோடியில் 2025-ஆம் ஆண்டு பூநாரைகளுக்கான சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எங்கே இறங்கலாம் என்பதை வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால், நண்டுதின்னிப் பறவையைத் தேடி மீனவர் படகில் மனோலித் தீவுக்கு அனுமதியின்றிப் போகலாம் என்று யாரேனும் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் நன்றி. தேவாலயச் சுவரில் சோதித்தேன்: நண்பகலில் ஒவ்வொரு படத்திலும் விளிம்பு வேறு விதமாக நெளிந்தது, மறுநாள் விடியலில், ஏசி இல்லாமல் எடுத்தபோது சுண்ணாம்புப் பூச்சின் வெடிப்புகள்கூடத் தெரிந்தன. ஆகவே லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. இன்னும் ஒரே ஓர் ஐயம்: வாடைக்காற்று வீசும் நாட்களில் எடுத்த படங்கள் நெளிவின்றி இருந்தாலும் வெளிறித் தெரிகின்றனவே?

பதில் (மண்டபம்)

அது லென்ஸின் முன்கண்ணாடியில் படியும் உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி அகற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உப்பை ஒற்றி எடுத்து, அதன் பின்னரே லென்ஸ் திரவத்தால் துடையுங்கள். வீடு திரும்பியதும் லென்ஸின் உடலையும் முக்காலியின் கால்களையும் இதே போல் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் வையுங்கள். மழை மாதங்களில் ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.