பாலைவனப் படத்துக்குக் கீழே இடத்தைப் போடலாமா?

கோணமலையான்:
அடுத்த மாதம் திருகோணமலையில் நம் குழு வைக்கும் படக் கண்காட்சிக்குப் பாலைவனப் படங்கள் வந்திருக்கின்றன. அபுதாபியில் வேலை செய்யும் நம்மவர் எடுத்த லீவா மணல்மேடுகள், நமீபியா போய்வந்த ஒரு அக்கா எடுத்த டெட்ஃப்ளே மரங்கள். கீழே அட்டையில் ஜிபிஎஸ் எண்ணோடு இடத்தைப் போடுவதா, சும்மா 'பாலைவனம்' என்று விடுவதா? குழுவுக்குள் இரண்டு கட்சி. உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

லீவா ட்ரைவர்:
என் படத்தைப் பற்றித்தானே பேச்சு? தாராளமாகப் போடுங்கோ. லீவாவை ஒட்டிய ரப் அல் காலி பாலைவனம் ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீற்றர். அதன் ஓரத்தில் ஒரு மேட்டைக் காட்டிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பின்னேரம் நாங்கள் ஓட்டிய லாண்ட்குரூசர் தடம் இரவுக் காற்றோடு போய்விடும். விடியும்போது மேட்டின் முதுகு தீட்டிய கத்திபோல நிற்கும். ஒரு பக்கம் செம்மஞ்சள், மறுபக்கம் கருநிழல். சூரியன் கொஞ்சம் ஏறினால் எல்லாம் தட்டை, படமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இருட்டில் வழி தேடிப் புதைந்துபோன பெடியளைக் கண்டிருக்கிறேன். சரியான இடத்தைச் சொல்வது அவர்களுக்குப் பாதுகாப்பும்கூட.

நிலாவெளி மதி:
மணலுக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணை. ஆனால் பாலைவனம் என்றால் மணல் மட்டுமா? பெரும்பகுதி கல்லும் சரளையும் காய்ந்த களிமண்ணும்தான். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ரேஸ்ட்ராக் என்ற வற்றிய ஏரி இருக்கிறது. கற்கள் தாமாக நகர்ந்து கோடு போட்டிருக்கும். மெல்லிய பனித்தகடுகளைக் காற்று தள்ள, அவை கல்லைத் தள்ளுகின்றன என்று 2014இல்தான் விளக்கம் வந்தது. 2016இல் யாரோ அதன்மேல் வாகனம் ஓட்டி, கிட்டத்தட்ட 16 கிலோமீற்றருக்குத் தடம் போட்டுவிட்டார்கள். அந்தத் தரை ஈரமாக இருக்கும்போது ஒரு செருப்புத் தடம் பதிந்தாலே ஆண்டுக்கணக்கில் அழியாது. இரவுக் காற்று அங்கே ஒன்றும் செய்யாது.

வில்லூன்றி வாசி:
ஒளித்து என்ன பலன்? 2020 நவம்பரில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ஹெலிகொப்டரில் போய் ஆடு எண்ணியவர்கள் ஒரு உலோகத் தூணைக் கண்டார்கள். சனம் போய் மாட்டிக்கொள்ளும் என்று அதிகாரிகள் இடத்தைச் சொல்லவே இல்லை. இணையத்தில் ஆட்கள் செய்மதிப் படங்களைப் பார்த்துச் சுருக்காகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நிலாவெளி மதி:
பிறகு நடந்ததையும் சொல்லுங்கோவன். பாதையில்லாத இடத்தில் செடிகொடிமேல் வாகனங்களை நிறுத்தி, அசுத்தமும் செய்துவிட்டுப் போனார்கள். தேடிப் பிடிக்க நாலு பேரால் முடியும் என்பதற்காக நானூறு பேருக்கு விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டுமா? எங்கள் நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத் தீவில் என்ன நடந்தது? 2003இல் தேசியப் பூங்கா ஆக்கியும், முருகைக்கல்லில் கால் வைக்காதே என்று இன்றைக்கும் கத்த வேண்டியிருக்கிறது.

லீவா ட்ரைவர்:
அப்ப புறாத் தீவையும் ஒளித்து வைப்போமா தங்கச்சி? நிலாவெளியில் படகு ஓட்டுகிறவன் என்னத்தைச் சாப்பிடுவது? லீவாவிலும் அப்படித்தான். ஆள் வந்தால்தான் தங்குமிடம் நடத்துகிறவனுக்குப் பிழைப்பு. போய்ப் பார்த்து வந்தவர்களே இடத்தைப் பூட்டு என்று சொல்வது எனக்குப் பிடிக்காத கதை.

நிலாவெளி மதி:
பூட்டச் சொல்லவில்லை. புறாத் தீவில் டிக்கெட் இருக்கிறது, காவலர் இருக்கிறார். டெட்ஃப்ளேயும் நமீப்-நௌக்லுஃப்ட் பூங்காவுக்குள்தான், செஸ்ரியம் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் அதன் பெயரைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 600, 700 ஆண்டுகளுக்கு முன் செத்த மரங்கள் காய்ந்த காற்றில் உக்காமல் நிற்கின்றன. ஒரு கிளை முறிந்தால் போனது போனதுதான் என்று அட்டையிலேயே எழுதுங்கள். நான் பயப்படுவது கேட்க ஆளில்லாத களிமண் தரைக்கும் உப்புத் தரைக்கும்தான்.

இன்னொன்று: கமரா வைத்திருக்கும் எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2000இல் யூட்டாவில் டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவின் கீழ் தீ மூட்டி, பாறையில் கறை ஏற்றியவர் ஒரு பெயர்பெற்ற படப்பிடிப்பாளர். இரவில் வெளிச்சம் அழகாக விழவேண்டுமாம்!

கோணமலையான்:
சரி, லீவாவுக்கு முழு விவரம், டெட்ஃப்ளேக்குப் பெயர் மட்டும் என்று வைப்போம். நேற்று ஓமானிலிருந்து ஒரு உப்புத் தரைப் படமும் வந்தது. வேலியோ பலகையோ அங்கே இல்லையாம்.

லீவா ட்ரைவர்:
'ஓமான்' என்று போட்டால் போதும் என்பாள் மதி. எடுத்தவரைக் கேளுங்கோ, படம் அவருடையது.

வில்லூன்றி வாசி:
கண்காட்சி முடிய எல்லாப் படத்தையும் இணையத்தில் மூலக் கோப்பாகவே ஏற்றுவதாகச் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய ஓமான் படத்தை இப்பதான் திறந்து பார்த்தேன், ஜிபிஎஸ் எண் உள்ளே அப்படியே கிடக்கிறது. முதலில் அதை அழியுங்கள். அட்டைக்கு அப்புறம் அடிபடலாம்.