குப்பை கொட்டினால், கொளுத்தினால் 5,000 ரூபாய்: யாரிடம் வசூலிப்பது?

ஏரிக்கரைவாசி:
சென்னை மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில் குடியிருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஏரிக்கரையில் டிப்பர் வந்து நிற்கும். உடைத்த டைல்ஸ், தெர்மாகோல், பழைய மெத்தை, சில நாள் ஒயர் மூட்டை. விடிவதற்குள் யாராவது கொளுத்திவிடுவார்கள். ஒயரைக் கொளுத்துவது உள்ளே இருக்கும் செம்புக்காக. மேலுறை உருகி ஓடி மண்ணோடு கறுப்பாக இறுகிக் கிடக்கும். அந்தப் புகையில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது, ஜன்னலைச் சாத்தினாலும் வாடை போகாது.

மாநகராட்சி 2024இல் பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. ஊராட்சிகளும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும், மறுபடியும் பிடிபட்டால் வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மெஸ்காரர்:
நான் வேண்டாம் என்கிறேன் சார். அபராத ரசீது முதலில் வருவது என் கடைக்குத்தான், உங்கள் டிப்பருக்கு இல்லை. எனக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். டிப்பர் இருட்டில் வந்து போகிறது. தினமும் எச்சில் இலையும் மிச்சச் சாப்பாடும் இரண்டு டிரம் சேரும். வண்டி வராத நாளில் அதை எங்கே வைப்பது? வாசலில் வைத்தால் மாடு இழுத்துப் போடும், அதற்கும் என் மேல்தான் புகார். பல நாள் 5,000 ரூபாய் லாபமே நிற்காது. முதலில் வண்டி தவறாமல் வரட்டும், அப்புறம் தண்டனை பேசலாம்.

தாமிரபரணி:
நெல்லையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. குவியலுக்குள்ளேயே நோயாளிகளின் மருத்துவச் சீட்டுகள் கிடந்தன. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் கேரள அரசே அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றது. லாரிகள் வந்தன, அள்ளிக்கொண்டு போயின. கைதும் நடந்தது. 2025 ஏப்ரலில் மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்கத் திருத்த மசோதாவும் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்க்காரனாகச் சொல்கிறேன், அந்தக் கடுமை வேண்டும். ஊசியும் ரத்தப் பஞ்சும் வயலோரம் கிடந்தால் அங்கே களை எடுக்கப் போகிற பெண்ணின் காலில்தான் குத்தும்.

சட்டக்கல்லூரி:
தாமிரபரணி அண்ணா, அள்ளவைத்தது சரி. குண்டர் சட்டத்தை நான் ஏற்கமாட்டேன். அது தடுப்புக்காவல். குற்றம் நிரூபணமாகாமலே ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். அதில் முதலில் மாட்டுவது லாரி ஓட்டுநர். கழிவைக் குறைந்த காசுக்குத் தள்ளிவிட்ட மருத்துவமனையும் இடைத்தரகரும் வக்கீல் வைத்துக்கொள்வார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. வெட்டவெளியில் குப்பை எரிப்பதற்கு 2016 டிசம்பரிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். எத்தனை ஊராட்சியில் இது தெரியும்? போலீசுக்குப் போனால், காற்றைக் கெடுப்பதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280ஆவது பிரிவில் அதிகபட்சமே 1,000 ரூபாய் அபராதம்தான். எந்தக் காவல் நிலையம் இதற்காக அலையும்?

அபராதம் எவ்வளவு என்பதை விட, கழிவு யாருடையது என்று காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. மருத்துவக் கழிவுப் பைக்கு பார்கோடு வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருக்கிறது. கட்டட இடிபாட்டுக்கும் அப்படி ஒரு தடம் வேண்டும். பழைய வீட்டை இடிக்க அனுமதி தரும்போதே இடிபாடு எங்கே போகும் என்று எழுதி வாங்கட்டும். அங்கே இறக்கிய ரசீதைக் காட்டாவிட்டால் புது வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று கிடையாது என்று சொல்லட்டும். ராத்திரியில் டிப்பர் பின்னால் யாரும் ஓட வேண்டியதில்லை.

கொச்சித் தமிழன்:
பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்தபோது கொச்சியில் இருந்தேன். 2023 மார்ச் 2ஆம் தேதி பிடித்த தீ, பத்து நாளுக்கு மேல் புகைந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கே 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகுதான் கேரளத்தில் சட்டம் இறுகியது. குப்பை கொட்டுகிறவர்களைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு 2,500 ரூபாய் சன்மானமும் அறிவித்தார்கள். ஜனங்கள் அனுப்பவும் செய்தார்கள். இங்கேயும் வேண்டும்.

மெஸ்காரர்:
சன்மானம் வேண்டவே வேண்டாம். காசுக்காகப் படம் எடுப்பவன் ராத்திரி டிப்பர் முன்னால் போய் நிற்பானா? அடி விழும் என்று அவனுக்குத் தெரியும். என் கடைப் பையன் பகலில் டிரம்மைத் தள்ளிக்கொண்டு போவதைத்தான் எடுப்பான்.

அப்புறம் அந்த 100 கோடி யார் பணம்? வரி கட்டும் ஜனங்களின் பணம். 2022 ஏப்ரலில் நம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் நாள்கணக்கில் எரிந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அந்தப் புகைக்கு யாரிடம் ரசீது போடுவது? தெருவில் சருகு கூட்டும் தூய்மைப் பணியாளர் அங்கேயே கொளுத்துகிறார், ஏனென்றால் ஏற்றிக்கொண்டு போக வண்டி இல்லை. அவரிடமும் 5,000 கேட்பீர்களா?

ஏரிக்கரைவாசி:
சருகு கொளுத்தும் அம்மாவிடம் ஒரு பைசா கேட்கக் கூடாது. தள்ளுவண்டியும் உரக்குழியும் தராத மேலதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் வாதத்தை முழுக்க ஏற்க முடியாது சார். வண்டி ஒழுங்காக வரும்வரை தண்டனையே வேண்டாம் என்றால், டிப்பர்காரர்களுக்கு இன்னும் பல வருஷம் லைசென்ஸ் கொடுத்த மாதிரி. அவர்கள் வண்டி வராததால் கொட்டவில்லை. இறக்கும் கட்டணத்தையும் டீசல் செலவையும் மிச்சம் பிடிக்கக் கொட்டுகிறார்கள். அந்த மிச்சத்தை விட அபராதம் பல மடங்கு இருந்தால்தான் நிறுத்துவார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். ஏரிக்கரை வழியில் இரண்டு முனையிலும் கேமரா. பிடிபட்டால் வண்டி உரிமையாளர் மேல் அபராதம், ஓட்டுநர் மேல் இல்லை. கொட்டியதை அவர் செலவிலேயே அள்ள வேண்டும். சட்டக்கல்லூரித் தம்பி சொன்ன இறக்கிய ரசீதையும் சேர்க்கிறோம். குண்டர் சட்டம் பற்றி எதுவும் எழுதவில்லை.

தாமிரபரணி:
ஏரிக்கரைக்கு இது போதும். மருத்துவக் கழிவுக்குப் போதாது, அதில் நான் மாறவில்லை.

மெஸ்காரர்:
ஒரு வரி சேருங்கள். வண்டி எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்று ஊராட்சி நோட்டில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத நாளுக்கு எந்தக் கடைக்கும், எந்த வீட்டுக்கும் அபராதம் போடக் கூடாது. அது இருந்தால் எங்கள் தெருக் கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நானும் கை தூக்க வருகிறேன். இல்லையென்றால் அங்கேயே எழுந்து எதிர்ப்பேன்.

ஏரிக்கரைவாசி:
சேர்க்கிறேன். திருத்திய தீர்மானத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.