கார்ட்டுக்கு 125 சிசி இன்ஜின் போதுமா, 250 வேண்டுமா?

கேள்வி (கும்பகோணம்):
வணக்கம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணத்துடன் கியர் உள்ள கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஒன்றைக் கட்டி வருகிறேன். எந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய பைக்) இன்ஜின் பொருந்தும்?

பதில் (தஞ்சாவூர்):
125 சிசி தாராளம், தம்பி. 250-இன் இழுவிசை ஆசை காட்டும். அதன் அதிர்வோ சேசிஸின் வெல்டுகளைப் பதம் பார்த்துவிடும். ஹோண்டா சிஆர்125 கார்ட்டுகளில் பெயர் பெற்றது என்றாலும், 2007-க்குப் பின் அது தயாரிக்கப்படவில்லை என்பதால், யமஹா ஒய்இசட்125-ஐயே நான் தேர்ந்தெடுப்பேன்.

பதில் (மயிலாடுதுறை):
ரேடியேட்டரைப் பெரிதாக வையுங்கள். குளிர்நாட்டுக்கு அமைத்த மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பாகம்) அப்படியே விட்டால், நம் சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். எனவே ஓர் அளவு சிறிய ஜெட்டைப் போட்டு, ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; உடனே நிறுத்துங்கள், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.