என்டர் தட்டிய அடுத்த நொடி: உங்களுக்கு என்ன ஆனது?

இரவுப்பூனை:
மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. பாட்டி பேசும்போது காதில் விழும் சொலவடைகளை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் சேர்த்து வந்தேன். மொத்தம் 212 வரி. அகர வரிசையில் இருந்தால் தேடச் சுலபமாயிற்றே என்று கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையிடம் விளைவை அதே கோப்பில் எழுதச் சொல்லி,

சார்ட் சொலவடை > சொலவடை

என்று தட்டினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. அடுத்த வரியில், இன்னொரு கட்டளைக்குத் தயார் என்று, டாலர் குறி சமர்த்தாக வந்து நின்றது. கோப்பைக் காட்டும் கேட் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. பெயரைத் தப்பாக அடித்திருப்பேன் என்று வரிகளை எண்ணும் டபிள்யூசி -எல் போட்டேன். "0 சொலவடை" என்று பதில் வந்தது. கணக்கும் சரி, பெயரும் சரி. அந்த ஒரு வரிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கரிச்சான்:
சார்ட் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. > குறியைப் பார்த்ததுமே ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அந்தக் கோப்பைத் திறந்து காலி செய்துவிடும். அப்புறம்தான் சார்ட்டைக் கூப்பிடும். அது வந்து பார்க்கும்போது வரிசைப்படுத்த என்ன இருக்கும்?

என் கதை கண்ட்ரோல் எஸ். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடிக்கொண்டிருந்தது, கோப்புப் பெயர்கள் சரசரவென்று மேலே போய்க்கொண்டிருந்தன. எதைக் கண்டாலும் சேமிக்கிற கை, தானாக கண்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டது. திரை உறைந்தது. பெரிய கோப்பு போலிருக்கிறது என்று நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வன்தட்டு விளக்கும் சிமிட்டவில்லை. எழுத்து தட்டினால் திரையில் வரவும் இல்லை. எரிச்சலில் "செத்துட்டியா" என்று அடித்து என்டர் தட்டினேன். பவர் பொத்தானுக்குக் கை போகும்போது பக்கத்து மேசைக்காரர் எட்டி கண்ட்ரோல் க்யூ அழுத்தினார். விட்ட இடத்திலிருந்து பெயர்கள் ஓடின. நகல் எடுத்து முடிந்ததும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே,

செத்துட்டியா: அப்படி ஒரு கட்டளை இல்லை

என்று வந்தது. டெலிடைப் காலத்தில் எதிர்முனையை 'கொஞ்சம் பொறு' என்று நிறுத்திவைக்க இருந்த ஏற்பாடாம் இந்த கண்ட்ரோல் எஸ்; மறுபடி ஓடவிட கண்ட்ரோல் க்யூ. காகிதத்தில் அச்சடித்த கருவிகள் போய் எத்தனையோ காலமாகிறது, இது மட்டும் போகவில்லை.

மூத்தவிரல்:
கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் கருவியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? 212 வரிக்கு ஒரு நகல் எடுக்க சிபி போட்டால் கண் இமைக்கும் நேரம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாஷ்ஆர்சி என்ற ஷெல் அமைப்புக் கோப்பில் செட் -ஓ நோகிளாபர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இருக்கிற கோப்பின் மேல் > போட்டால் ஷெல் மறுத்துவிடும். வேண்டுமென்றே அழிக்க நினைத்தால் >| என்று எழுதிக்கொள்ளலாம். சார்ட்டுக்கு -ஓ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் எழுதத் தொடங்கும், அதனால் அதே கோப்பின் பெயரைத் தைரியமாகக் கொடுக்கலாம். நீக்கும் ஆர்எம், நகர்த்தும் எம்வி, நகலெடுக்கும் சிபி மூன்றுக்கும் -ஐ என்ற தெரிவைச் சேர்த்து அலியாஸ் (மாற்றுப்பெயர்) வையுங்கள், நீக்கும் முன்பும் இருக்கிற கோப்பின் மேல் எழுதும் முன்பும் கேட்டுத்தான் செய்யும். நட்சத்திரக் குறி வரும் கட்டளை என்றால் ஆர்எம் இடத்தில் முதலில், கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ போட்டுப் பாருங்கள். நட்சத்திரத்தைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரிப்பது ஷெல்தான் என்பதால் எதெது போகப்போகிறது என்று முன்பே தெரிந்துவிடும். வட்டின் மேல் நேரடியாக எழுதும் டிடி ஓட்டுவதற்கு முன், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே போட்டு எந்த வட்டு எது என்று அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் அனுபவமா? எஸ்டிபி என்ற வட்டின் பெயரை அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று இன்னொரு வட்டின் பெயரை அடித்தேன். டிடியில்தான்.

சன்னலோரம்:
மூத்தவிரல் அண்ணா, மற்றது எல்லாம் சரி, அந்த அலியாஸ் யோசனை மட்டும் வேண்டாம். என்னைக் கவிழ்த்தது அதுதான். ஆயிரம் கோப்புக்கும் ஆயிரம் தடவை 'நீக்கவா, நீக்கவா' என்று கேட்டால் யார் பதில் சொல்லிக்கொண்டிருப்பது? கொஞ்ச நாளில் விரல் தானாகவே -ஆர்எஃப் (உள்ளே இருப்பதோடு, கேட்காமல் நீக்கு) அடிக்கப் பழகிவிட்டது. -எஃப் வந்துவிட்டால் முன்னால் இருக்கும் -ஐ செல்லாது.

என்னிடம் "படங்கள்" என்று ஒரு கோப்புறையும் "படங்கள் பழையது" என்று இன்னொன்றும் இருந்தன. இரண்டாவதை நீக்க நினைத்து ஆர்எம் -ஆர்எஃப் படங்கள் பழையது என்று தட்டினேன். மேற்கோள் குறி போடவில்லை. ஷெல்லுக்கு இடைவெளி என்றால் இரண்டு தனிப் பெயர். -எஃப் இருந்ததால் "பழையது" என்று ஒன்று இல்லையே என்றுகூடச் சொல்லவில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டேன். "படங்கள் பழையது" அப்படியே இருந்தது. அட, போகவில்லையே என்று மேல் அம்பு அழுத்தி அதே வரியை இன்னொரு தடவை ஓட்டினேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்புறம்தான் பக்கத்தில் எதைக் காணோம் என்று பார்த்தேன்.

மூத்தவிரல்:
பெயரை முடித்துத் தரும் டேப் விசையைத் தட்டியிருந்தால் இடைவெளியை அதுவே கவனித்திருக்கும். அதில் அலியாஸின் தப்பு என்ன?

சன்னலோரம்:
சரி அண்ணா.

புதுக்கை:
நான் நேற்று வந்தவன். நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ கடவுச்சொல் கேட்டபோது தட்டத் தட்ட ஒரு புள்ளிகூட வரவில்லை என்று விசைப்பலகையின் பேட்டரியை மாற்றினேன். இரண்டு தடவை.

கரிச்சான்:
புதுக்கை, கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் வாங்குவதுதான் சூடோவின் வழக்கம். எல்லோரும் மாற்றியவர்கள்தான், யாரும் வெளியே சொல்வதில்லை.

இரவுப்பூனை, சொலவடைகளை எந்த எடிட்டரில் தட்டினீர்கள்? ஈமாக்ஸ் என்றால் அதே கோப்புறையில் பெயரின் கடைசியில் ~ குறியோடு முந்தைய நகல் ஒன்று இருக்கும். கோப்பு உலாவியில் பார்த்தால் பெரும்பாலும் மறைந்திருக்கும். எல்எஸ் போட்டுப் பாருங்கள்.

இரவுப்பூனை:
ஈமாக்ஸ்தான். இருந்தது! மூன்று வாரமாக உலாவியிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். 195 வரி இருக்கிறது. கடைசியாக உட்கார்ந்து தட்டிய 17 மட்டும் இல்லை. முதல் வேலையாக சிபி போட்டு இரண்டு நகல் எடுத்துவிட்டேன், மூத்தவிரல் அண்ணா.

விட்டுப்போனதைப் பாட்டியிடமே கேட்டேன். "வாயில வந்ததச் சொன்னேன், எண்ணியா வச்சேன்?" என்றார். அதுவே நன்றாக இருக்கிறதே என்று எக்கோ போட்டு 196-ஆவது வரியாகச் சேர்த்தேன். > இரண்டு இருக்கிறதா (ஒன்று அழிக்கும், இரண்டு கடைசியில் சேர்க்கும்) என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.